வாசல் திண்ணைக்குப் பளபளப்பு எதற்கு?

(மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று கேட்டதும், "உலகத்துலேயே உயரமான கட்டடத்தைப் பத்தி எழுதுடி, படிக்க நல்லா இருக்கும்" என்றாள் என் பெஞ்சில் உட்காரும் தோழி. துபாயில் இருக்கும் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம். அது நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நான் எழுத எடுத்துக் கொண்டதோ தரையிலிருந்து இரண்டடி உயரம் மட்டுமே உள்ள ஒரு கட்டுமானம். எங்கள் வீட்டு வாசல் திண்ணை! சிரிக்க வேண்டாம். அந்த இரண்டடித் திண்ணையில் நான் செய்த தப்பு, மூன்று வருஷப் படிப்பில் எந்தப் பாடத்திலும் கற்றுக் கொள்ளாத ஒன்றை எனக்குக் கற்றுக் கொடுத்தது. அதை மறைத்து விட்டு வேறு எதையாவது எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

"நீ படிக்கிற புள்ள, நீ சொல்லு"

எங்கள் வீடு திருவிடைமருதூரில், ரயிலடிக்கு அந்தப் பக்கம். தொகுப்பு வீடு. அப்பா கொத்தனார். அம்மா அதே வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சிவில் எடுத்தது கூட அப்பாவைப் பார்த்துத்தான். அவர் ஏறி நிற்கும் சாரத்துக்குக் கீழே பிளானைக் கையில் வைத்துக் கொண்டு ஒருவர் நிற்பாரே, அந்த இடத்தில் என் மகள் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வீட்டு முன்னால் வாசல்படிக்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு திண்ணை. ஒவ்வொன்றும் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். நடுவில் நடை, அப்புறம் படி. எல்லாம் சேர்த்து 50 சதுர அடி வரும். மேலே தகரத் தாழ்வாரம் போட்டிருக்கிறது. ஆனாலும் சாரல் அடித்தால் திண்ணை முழுக்க நனைந்து விடும். வெறும் சிமெண்ட் பூச்சு, அங்கங்கே பெயர்ந்து கிடந்தது. இரண்டாம் வருஷம் சித்திரை மாதத்தில் அதைச் சரி செய்யலாம் என்று பேச்சு வந்தது.

அப்பா சொன்னார்: "பாப்பா, ரெட் ஆக்சைடு போட்டு நல்லா தேய்ச்சு விட்டுடுறேன். நம்ம கைவேலை. செலவும் கம்மி."

எனக்கு அது பிடிக்கவில்லை. ரெட் ஆக்சைடா? அது பழைய வீட்டுத் தரை அல்லவா? காலேஜ் தோழிகள் வீட்டுக்கு வந்தால் என்ன நினைப்பார்கள்? "அப்பா, இப்ப யாரும் அதெல்லாம் போடுறதில்ல. டைல்ஸ் போடலாம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம், "சரி. நீ படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். முப்பது வருஷமாகக் கரணை பிடித்த கை, மூன்று செமஸ்டர் படித்த வாய்க்கு வழி விட்டது!

கடைக்குப் போனோம். இரண்டடிக்கு இரண்டடி, கண்ணாடி மாதிரி பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். சதுர அடி 60 ரூபாய். மொத்தம் 3000 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்ததைச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் மூன்று மாதப் பணத்தைக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? முகம் பார்க்கலாம் போலத் திண்ணை மின்னியது. தெருவே வந்து பார்த்து விட்டுப் போனது.

ஐப்பசி வந்தது. அடைமழை. ஒரு நாள் சாயங்காலம், கொடியில் காயப் போட்ட துணியை எடுக்க எங்கள் அப்பாயி வாசலுக்கு வந்தார். வயது 72. ஐம்பது வருஷம் வரப்பிலும் சேற்றிலும் நடவு நட்ட கால். சேற்றில் ஒரு நாளும் வழுக்காத அந்தக் கால், என் டைல்ஸில் வழுக்கி விட்டது. இடுப்பு எலும்பு முறிவு. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. இன்றைக்கும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகள்

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் "வீட்டுக்குள்ள போடவா, வெளியில போடவா?" என்று கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் நானும் சொல்லவில்லையே! சிவில் படிக்கிறவள் நான். கேள்வி கேட்க வேண்டியது என் வேலை. அப்புறம் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், வெளித் தரைக்கு மூன்றே மூன்று கேள்விகள் போதும் என்று புரிந்தது.

முதல் கேள்வி: மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும்?

விட்ரிஃபைடு டைல்ஸ் நீர் உறிஞ்சுவது நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. இதைப் புத்தகத்தில் நல்ல குணமாகப் படித்திருக்கிறோம். கறை பிடிக்காது, துடைத்தால் போதும். கூடத்துக்கு அது நல்ல குணம்தான். வாசலில் நனைந்தால், உறிஞ்சாத தண்ணீர் மேலேயே ஒரு படலமாக நிற்கும். பாதத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் தண்ணீர்தான் இருக்கும், பிடிமானம் இருக்காது. இதோடு வாட்டமும் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். வெளித் தரைக்கு 60-க்கு 1 என்ற கணக்கில் வாட்டம் கொடுத்தால் நல்லது. இரண்டரை அடி அகலத் திண்ணைக்கு அரை அங்குலம். அவ்வளவுதான்! பெரிய டைல்ஸை லெவல் பார்த்து ஒட்டும் ஆசையில் அந்த அரை அங்குலத்தை நாங்கள் விட்டு விட்டோம்.

இரண்டாவது கேள்வி: வெயில் என்ன செய்யும்?

டெல்டாவில் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு, அக்கினி நட்சத்திர வெயிலும் உண்டு. வெயிலில் தரை விரியும், இரவில் சுருங்கும். "ஜாயின்ட்டே தெரியக் கூடாது" என்று டைல்ஸை நெருக்கி ஒட்டினால், விரிய இடமில்லாமல் ஒரு நாள் நடுவில் கூடாரம் மாதிரித் தூக்கிக் கொள்ளும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு கிரவுட் போடுவது அழகுக்காக அல்ல. சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடைக்காலத்தில் மகாலிங்க சுவாமி கோயில் பிராகாரத்தில் மத்தியானம் செருப்பில்லாமல் சுற்றிப் பாருங்கள். கயிற்றுப் பாய் போட்டிருக்கும் பக்கம் கால் தானாக ஓடும். கருப்புக் கல்லும் அடர் நிற டைல்ஸும் வெயிலை அதிகம் வாங்கிக் கொள்ளும். நாம் வாசலில் வெறுங்காலோடு நடக்கும் ஜனம்.

மூன்றாவது கேள்வி: எந்தக் கால் நடக்கப் போகிறது?

இதுதான் முக்கியம். ஜெர்மனி நாட்டில் வழுக்கலை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. தரைப் பலகையில் எண்ணெய் ஊற்றி, செருப்புப் போட்ட ஒரு ஆளை நடக்க விட்டு, பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். எத்தனை டிகிரியில் வழுக்குகிறார் என்று பார்த்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் கொடுப்பார்கள். எண் ஏற ஏற பிடிமானம் அதிகம். வெறுங்காலுக்குத் தனிச் சோதனையே உண்டு. அங்கே எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர். தரம் ஏ, பி, சி என்று மூன்று. நீச்சல் குளத்துக்கு அதைத்தான் பார்ப்பார்கள். சில டைல்ஸ் பெட்டிகளிலும் விவரத் தாள்களிலும் இந்த எழுத்துகள் அச்சடித்திருக்கும். நான் பெட்டியைத் திருப்பிக் கூடப் பார்க்கவில்லை.

சோதனைக்கூடம் இல்லாத நமக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். கடையில் டைல்ஸைத் தரையில் வைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றி விட்டு ஏறி நின்று, பாதத்தை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!

அப்படியானால் எதைப் போடுவது?

"அப்ப டைல்ஸே கூடாதா அக்கா?" என்று ஜூனியர் ஒருவர் கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. சொரசொரப்பான வெளித் தரை டைல்ஸ் கிடைக்கிறது. வாட்டம் கொடுத்து, இடைவெளி விட்டு, விட்ரிஃபைடு என்றால் வெறும் சிமெண்ட் கலவைக்குப் பதில் அதற்கான ஒட்டுப் பசை போட்டு ஒட்டினால் தப்பில்லை. நீர் உறிஞ்சாத டைல்ஸைச் சாதாரணக் கலவை நன்றாகக் கவ்வாது. எங்கள் திண்ணையில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். பாதி டைல்ஸ் "டொக் டொக்" என்று வெற்றாகச் சத்தம் போட்டது. அந்த வெற்றிடத்தில் மழைத் தண்ணீர் தங்கி, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

கருங்கல் நல்ல பொருள். ஆனால் பாலிஷ் போட்ட கிரானைட்டும் பளிங்கு டைல்ஸும் நனைந்தால் ஒன்றுதான். உளியால் கொத்தியதோ, நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கியதோ வாங்க வேண்டும். காவிரிப் படித்துறைக் கல்லைப் பாருங்கள். உளி கொத்திய தழும்பு இருக்கும். பாசி பிடித்த இடத்தில் மட்டும்தான் அது வழுக்கும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் இனம். விலை குறைவு. ஆசிட் பட்டால் அரித்து விடும் என்பதை மறக்கக் கூடாது.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூக்கல் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு எடுப்பார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. கால் படப் படப் பளபளப்பு ஏறும். கூரைக்கு உள்ளே அது ராஜா. சாரல் அடிக்கும் திண்ணைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சுண்ணாம்பு? கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. வேதியியல் பாடத்தில் சமன்பாடாக எழுதிய அதே விஷயம்தான்! சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விடும். நம் களிமண் பூமியில் அது பெரிய குணம். ஆனால் காய நாளாகும், பக்குவம் தெரிந்த ஆள் வேண்டும்.

கடைசியில் ரெட் ஆக்சைடு. நான் கேவலமாக நினைத்த அதே ரெட் ஆக்சைடு. அது இரும்புத் துரு நிறம். வெயிலும் சிமெண்டின் காரமும் அதை வெளுக்க வைப்பதில்லை. ஆகவேதான் எத்தனையோ பழைய வீடுகளில் சிவப்பு மாறாமல் இருக்கிறது. அதற்குக் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகத் தண்ணீர் காட்டாவிட்டால் தலைமுடி மாதிரி வெடிப்பு விடும். ஒரே பாளமாகப் போட்டாலும் வெடிக்கும். நிறம் அழகாக வரட்டும் என்று பவுடரை அள்ளிப் போட்டால் பலம் குறையும். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, ரெட் ஆக்சைடையும் கண்ணாடியாகத் தேய்த்து எண்ணெய் பூசினால் அதுவும் வழுக்கும்! பொருளை மட்டும் மாற்றிப் பயனில்லை, மேல் பூச்சை முடிக்கிற விதமும் சரியாக இருக்க வேண்டும்.

தை மாதத்தில் டைல்ஸை உடைத்து எடுத்தோம். என் மூன்று மாதப் பணம் மூட்டையாகக் குப்பைக்குப் போனது. இந்த முறை அப்பா செய்தார், நான் சித்தாளாக நின்று குறிப்பு எடுத்தேன். முதலில் வாட்டம். அதற்கு மேல் 1:4 கலவை முக்கால் அங்குலம். அது இறுகும் முன்னால், சிமெண்டையும் நிறத்தையும் மொத்தமாகச் சலித்துக் கலந்த சாந்தை மேலே விட்டார். ஏன் மொத்தமாக? இரண்டு தடவையாகக் கலந்தால் இரண்டு சிவப்பு வருமாம்! அளவுக்கு ஒரு கட்டமாகப் பிரித்தார். உட்காரும் இடத்தைக் கரணையால் அழுத்தித் தேய்த்தார். நடையிலும் படியிலும் மட்டும் தேய்க்காமல், கயிற்றை வைத்து அழுத்திக் குறுக்குக் கோடு போட்டார். "இது எதுக்குப்பா?" என்றேன். "கால் பிடிக்கத்தான். அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பத்து நாள் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தோம்.

மரம் வைத்தால்?

தாழ்வாரத்துக்கு மரத்தூண் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்நிதி வீதிகளில் மிச்சம் இருக்கும் பழைய வீடுகளின் தூண்களைக் கவனியுங்கள். தேக்குத் தூண் நேராக மண்ணில் நிற்காது. கீழே ஒரு கல் பாதம் இருக்கும். மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது வெட்டுவாய் வழியாகத்தான். அந்த வாய் தரையைத் தொடாமல் இருந்தால் பாதி ஆயுள் கூடும். மேலே கூரை நன்றாக வெளியே நீண்டிருக்கும். ஜப்பான் நாட்டிலும் நம் திண்ணை மாதிரி எங்காவா என்று ஒரு மரத் திண்ணை உண்டு. அதற்கும் காவல் நீண்ட கூரைதான்.

பூச்சு என்ன? பளபளக்கும் வார்னிஷ் வெயிலில் வெடித்து உரியும். உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, வெளியே வர முடியாமல் உள்ளேயே மரத்தை உளுக்க வைக்கும். எண்ணெய்ப் பூச்சு மரத்துக்குள் இறங்கும், உரியாது. ஆனால் வருஷா வருஷம், மழைக்கு முன்னால் பூச வேண்டும். முந்திரிக் கொட்டை எண்ணெயைப் படகுக்கும் மரத்துக்கும் பூசுவது நம் கடற்கரையில் பழைய பழக்கம். அது தோலைப் புண்ணாக்கும், கையுறை போட்டுத்தான் பூச வேண்டும்.

அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே பெரிய மரத்தளம் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மரம் உளுக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றிய பலகைகளைப் பல வருஷம் பயன்படுத்தினார்கள். குழந்தைகள் தொட்டு விளையாடும் இடத்தில் ஆர்சனிக்கா என்று கேள்வி வந்து, 2003-ஆம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு அந்த மரத்தைச் செய்வதை நிறுத்தினார்கள். பணக்கார நாடும் நீண்ட நாள் உழைக்குமா என்று மட்டும் பார்த்து, யார் தொடப் போகிறார்கள் என்று பார்க்க மறந்திருக்கிறது. என் தப்புக்கு அதுவும் சொந்தக்காரன்தான்.

கழுவுகிறவரைக் கேளுங்கள்!

எஸ்டிமேட்டில் பராமரிப்பு என்று ஒரு வரி நாம் எழுதுவதில்லை. வாசலைப் பராமரிப்பது யார்? காலையில் எழுந்து தெளித்துப் பெருக்கிக் கோலம் போடும் பெண்கள். தரையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களை யாராவது கேட்கிறோமா? நானே ஒரு பெண். நானும் அம்மாவைக் கேட்கவில்லை. பளபள டைல்ஸில் கோலமாவு நிற்காமல் காற்றில் பறந்தது என்று அம்மா பின்னால்தான் சொன்னார்.

பாசி பிடித்தால் பலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். நுரைத்துக் கொண்டு சுத்தமாவது போலத் தெரியும். நுரைப்பது அழுக்கு அல்ல, உங்கள் சிமெண்டும் சுண்ணாம்பும்! தரை பொத்தலாகி, அடுத்த மழைக்குப் பாசி இன்னும் நன்றாகப் பிடித்துக் கொள்ளும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். தயவு செய்து பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். இதை உங்கள் வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள். ரெட் ஆக்சைடு திண்ணைக்கு உட்காரும் இடத்தில் மட்டும் எப்போதாவது ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். நடைக்கும் படிக்கும் எண்ணெய் காட்டவே கூடாது.

திண்ணைக்கு இன்னொரு கதை

திண்ணை என்றால் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். வழிப்போக்கர் தங்கினார், திண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது, விருந்தோம்பல் வளர்ந்தது என்று மேடையில் கேட்டிருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு அந்தத் திண்ணை வேறு கதை வைத்திருக்கிறது.

என் தாத்தா சுண்ணாம்பு அரைக்கும் வேலைக்குப் போனவர். பெரிய வீதியில் ஒரு வீட்டுத் திண்ணைக்கு அவர் சாந்து அரைத்துக் கொடுத்தார், தேய்த்தும் கொடுத்தார். வேலை நடக்கும் வரைக்கும் அதன் மேல் ஏறலாம். வேலை முடிந்து, தரை காய்ந்த பிறகு கூலி வாங்கப் போனால் தெருவில் நின்றுதான் வாங்க வேண்டும். தான் தேய்த்த திண்ணையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. இதை அப்பாயிதான் எனக்குச் சொன்னார், டைல்ஸ் போட்ட அன்றைக்கு. "நம்ம வீட்டுக்கும் ஒரு திண்ணை வந்துச்சு பாருடி" என்று சொல்லி அதில் உட்கார்ந்து காலை ஆட்டினார். அந்தத் திண்ணையைத்தான் நான் அவர் ஏற முடியாததாக ஆக்கினேன்.

ஆகவே பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய திண்ணையின் நியாயம் எனக்கு வேண்டாம். அந்தத் திண்ணையைக் கட்டியவர்களின் அறிவு மட்டும் எனக்கு வேண்டும். அந்த அறிவு எங்கள் தாத்தாவுடையது. அதை "பழசு" என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

என் கருத்து

நண்பர்களே! நாளைக்கு நாம் டிப்ளமா வாங்கிக் கொண்டு சைட்டுக்குப் போவோம். சூப்பர்வைசர் என்பார்கள், சிலர் "இன்ஜினியர் சார்", "இன்ஜினியர் மேடம்" என்று கூடக் கூப்பிடுவார்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நாம் சொன்னால் வீடு கேட்கும், தெரு கேட்கும், கொத்தனாரும் கேட்பார். நம் வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையே ஆபத்து! தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னாலும் நம்மை யாரும் தடுக்கப் போவதில்லை. அப்பாவே என்னைத் தடுக்கவில்லையே.

அதனால் என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, வருஷத்துக்கு ஒரு முறையாவது நம் ஊர்க் கொத்தனார் ஒருவரையும் கல் தச்சர் ஒருவரையும் நம் வகுப்புக்கு அழைத்து, ஒரு சதுர மீட்டர் தரையை நம் கண் முன்னே போடச் சொல்ல வேண்டும். கட்டடப் பொருள்கள் பாடத்தில் பத்துப் பக்கம் படிப்பதை விட அது மேல். பேரவை முயன்றால் நிச்சயம் நடக்கும். இரண்டு, எஸ்டிமேட் பயிற்சியில் முதல் செலவோடு, பத்து வருஷப் பராமரிப்புச் செலவையும் யார் கழுவுவார் என்பதையும் எழுதிப் பழகுவோம். மூன்று, "இது எந்தக் காலுக்கு?" என்று கேட்காமல் எந்தத் தரையையும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

போன மாதம் அப்பாயி வாக்கரைப் பிடித்துக் கொண்டு வாசலுக்கு வந்தார். நடையில் அப்பா போட்ட கயிற்றுக் கோட்டின் மேல் பாதத்தை வைத்து, இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தார். "பிடிக்குதுடி" என்றார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கொண்டார்.

அப்பாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கேட்கும் பழக்கம் இல்லை. அவருக்குப் படிக்க வராது. இந்த மலர் வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து நானே வாசித்துக் காட்டப் போகிறேன்.